மாத்தறைக்கு ஒத்திகை

எங்கள் அப்பா இலங்கையைக் காரில் சுற்றிப் பார்ப்பதற்கு ஆறு வருடம் திட்டம் போட்டார். சங்கரன்கோவிலுக்கும் இலங்கைக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நன்றாகவே தெரியும். அது கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன விஷயம் என்று நினைத்தார். முதலில் வண்டியில் ஊறுகாய் ஜாடியை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு இலங்கையில் ஒரே ஒரு சோலிதான் இருந்தது. அவள் பிறந்தது மாத்தறையில். இலங்கையின் தென்கோடியில், கடலோரம், பழைய டச்சுக் கோட்டை இருக்கிற ஊர். அவளுடைய அப்பா அங்கே சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவளுடைய தாயார் காய்ச்சலில் இறந்துபோனார். அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாளில் கடையை ஏறக்கட்டிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தாத்தா இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதன் பிறகு அம்மா அந்த ஊரைப் பார்க்கவில்லை. ஒரு தடவை போய், அந்தக் கல்லறையில் இரண்டு பூ வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. கல்யாணமான புதிதில் அப்பா, "அதுக்கென்ன, கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சங்கரன்கோவிலில் ரயில் உண்டு. மாத்தறையிலும் ரயில் உண்டு. அங்கே தண்டவாளமே அப்போது அந்த ஊரோடு முடிந்தது. அம்மா இதை ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நம்ம ஊர்ல ரயிலேறி, ராமேஸ்வரத்துல கப்பல் மாறினா, எங்கம்மை ஊர்ல போய் இறங்கிரலாம்லா?"

"ரயில்ல போனா ஜன்னல் வழியாத்தான் பாக்கணும்" என்றார் அப்பா. "ரெண்டாயிரம் வருசத்துச் சரித்திரம் இருக்கு. சுத்திச் சுத்திக் கடற்கரை இருக்கு. காருன்னா நெனச்ச இடத்துல நிப்பாட்டலாம்."

"எனக்கு ஒரு இடத்துல நிப்பாட்டினா போதும்."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. மூக்கைத் தொடு என்றால் தலையைச் சுற்றித் தொடுகிற ஆள் அவர். அதிலும் இந்த மூக்கு கடலுக்கு அப்பால் இருந்தது.

அப்பா சங்கரன்கோவிலில் பம்புசெட் கடை வைத்திருந்தார். எமர்ஜென்சி முடிந்த சமயம், புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய கறுப்புக் காரை இவர் தலையில் கட்டினார். மண்டிக்காரர் அந்தக் காரில் மனிதர்களை ஏற்றியதே இல்லை போலும். பின்சீட்டு மூட்டை சுமந்து சுமந்து குழிந்து கிடந்தது. உள்ளே உட்கார்ந்தாலே பல் கூசும், அப்படி ஒரு எலுமிச்சை வாடை. இடது பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம். காலையில் முதல் தடவை கிளப்ப நானும் தம்பியும் தெருமுனை வரை தள்ள வேண்டும். பாதி பெட்ரோலிலும் பாதி எங்கள் தோள் பலத்திலும் ஓடிய வண்டி அது. உள்ளூர் ஸ்டேஷனுக்கே தள்ளிக்கொண்டு போக வேண்டிய வண்டியில் கண்டி மலை ஏறப் போகிறாராம். கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

திட்டம் என்னுடைய ஸ்கூல் அட்லஸில் தொடங்கியது. அதில் இந்தியாவுக்குக் கீழே, பக்கத்தின் ஓரத்தில், இலங்கை ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அப்பா அம்மாவின் தையல் நூலை எச்சில் தொட்டு அதன்மேல் வளைத்து வளைத்து ரோட்டை அளந்தார். நனைந்த நூல் சுருங்கும். அதனால் அவர் அளக்க அளக்க இலங்கை தினமும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே போனது. "நெனச்ச அளவு தூரம் ஒண்ணும் இல்ல" என்று சந்தோஷப்பட்டார்.

அட்லஸில் பெரிய ஊர்களின் பெயர்தான் இருக்கும். சின்ன ஊர்களுக்கு அவர் சிலோன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டார். அப்போது எங்கள் பக்கத்தில் அந்த ரேடியோ கேட்காத வீடு கிடையாது. எல்லோரும் பாட்டுக்காகக் கேட்டார்கள். அப்பா மரண அறிவித்தலுக்காகக் கேட்டார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று ரேடியோவில் இழுத்து இழுத்து வாசிப்பார்கள். அப்பா பேனாவும் கையுமாக உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்வார். ஆகவே நாங்கள் தங்கிப்போவதாக இருந்த ஊர்கள் அத்தனையும் யாராவது செத்துப்போன ஊர்கள். யாரும் சாகாத நல்ல ஊர் எதுவும் எங்கள் பாதையில் வரவில்லை.

அம்மாவும் அதே அறிவித்தலைக் கேட்பாள். அவள் கேட்டது வேறு காரணத்துக்கு. மாத்தறை என்று ஒரு சொல் வருகிறதா என்று பார்ப்பாள். ஒரே ஒரு தடவை வந்தது. மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கையில் மாவோடு எழுந்து வந்து ரேடியோ முன்னால் நின்றாள். செத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும், "அங்கன இன்னும் நம்ம ஆளு இருந்திருக்காவ" என்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் முகம் நன்றாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் செத்ததற்கு எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் அப்பா மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு மண்டபம் வரை போய் வழி பார்த்துவிட்டு வந்தார். மண்டபத்தோடு ரோடு முடிந்துவிட்டது. ராமேஸ்வரம் தீவுக்குள் அப்போது ரயில் மட்டும்தான் போகும். ஆனால் ரோட்டுப் பாலத்துக்குக் கடலில் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு மிகத் திருப்தியோடு திரும்பி வந்தார்.

"பாலம் கட்டுதாங்க. நாம அவசரப்படக் கூடாது."

"அது எப்ப முடியும்?" என்றாள் அம்மா.

"தூண் வந்தாச்சு. இனிமே மேல பலகைய வைக்க வேண்டியதுதான்."

அந்தப் பாலம் நான் படித்து முடித்து வேலைக்கும் போன பிறகுதான் திறந்தது.

பாலம் வந்தாலும் அந்தப் பக்கம் கடல் இருக்கிறதே, அதைக் கார் எப்படித் தாண்டும் என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான்தான். அப்பா மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் அண்ணாச்சி பீடியை அணைத்துவிட்டு, "கழட்டிருவோம் அண்ணாச்சி" என்றார். "கழட்டி, சாக்குல கட்டி, லக்கேஜாப் போட்டு, அந்தக் கரையில இறக்கிப் பூட்டிருவோம். மனுசன் கட்டின வண்டிதான? மனுசன் கழட்ட முடியாதா?"

அதற்கும் ஒத்திகை பார்த்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் கார் துண்டுதுண்டாகக் கிடந்தது. வழியில் போகிறவர்கள் விபத்தா என்று விசாரித்தார்கள். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய நட்டும் போல்ட்டும் மிச்சம் இருந்தது. வண்டி முன்னைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஓடியது. வலது பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் தானாக அடித்தது. அப்பா மிச்சமான டின்னைப் பத்திரமாக எடுத்து வைத்தார். சிலோனில் கேட்டாலும் கேட்பான் என்றார்.

இத்தனையும் செய்தவருக்கு அடுத்து ஒரு கவலை வந்தது. பழகாத ரோட்டில் எடுத்தவுடனே வண்டி ஓட்டக் கூடாது. அதனால் பழகின ரோட்டில் இலங்கையை ஓட்டிப் பழக வேண்டும். பெட்ரோல் விற்கிற விலையில் முழு இலங்கையையும் சங்கரன்கோவிலைச் சுற்றி ஓட்ட முடியாது. ஆகவே அட்லஸ்காரன் செய்கிற மாதிரியே சுருக்கினார். நிஜ தூரத்தில் ஆறில் ஒரு பங்கு. மீட்டர் முள் எந்த இடத்தில் கணக்குக்கு வருகிறதோ அந்த இடம்தான் அந்த ஊர். அப்படிப் பார்த்ததில் குருவிகுளத்துக்குப் பக்கத்துக் கரிசல் காடு அனுராதபுரம் ஆயிற்று. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை கண்டி ஆயிற்று. மேற்கே மலை தெரிந்தது, அந்த ஒன்றுதான் கண்டிக்குப் பொருத்தம். அம்மா கண்டியில் இறங்கி ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டாள். "கண்டியில நம்ம ஊரவிட விலை கம்மி" என்று சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். கூடப் படிக்கிற பிள்ளைகள் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று சீட்டின் குழிக்குள் இன்னும் குனிந்து உட்காருவேன்.

கடைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் காலை ஆராதனை முடிந்ததும் கோவில் உடுப்போடே கிளம்பிவிடுவோம். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோவில் என்றுதான் சொல்வோம். அப்பா வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் இருப்பார். அம்மா வெள்ளைச் சேலையில், கையில் பைபிளோடு இருப்பாள். அந்தக் கோலத்தில் நாங்கள் முதன்முதலில் அனுராதபுரம் போய் இறங்கினோம். அதாவது குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு பருத்திக் காட்டில். அப்பா கார் முன்னால் நின்றுகொண்டு, எழுதி வைத்திருந்த சரித்திரத்தை உரக்க வாசித்தார். இடத்தில் நின்று வாசித்தால்தான் மனதில் பதியுமாம்.

காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளை உடுப்பு, பைபிள், கார், கையில் காகிதம். ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உக்காருங்கல, வேதக்காரவுக பேச வந்துருக்காவ" என்றார். எல்லோரும் கரிசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் கூடினால் அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும். அனுராதபுரத்தில் ஆண்ட ராஜாவை அவர் பெற்ற மகனே கொன்ற கதையை ஆரம்பித்தார். கொன்றவன் பயந்துபோய் ஒரு பெரிய பாறையின் உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டான் என்கிற இடத்தில் காகிதத்தை மடித்தார்.

"பெறவு அந்தப் பய என்ன ஆனான்?" என்றார் பெரியவர்.

"அது அடுத்த ஊர்ல வருது."

"நாங்க அடுத்த ஊருக்கு எதுக்குப் போகணும்? பருத்திய யாரு எடுப்பா? இங்கனயே சொல்லிட்டுப் போங்க சார்வாள்."

அப்பா முறை தவற மாட்டேன் என்றார். பாறை அடுத்த கட்டத்தில்தான் வருகிறது, அங்கேதான் அதைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு அம்மாள் எழுந்து, "போன தடவ வந்தவுக நோட்டீஸாவது குடுத்தாவ" என்று குறைபட்டுக்கொண்டாள்.

விஷயம் எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எங்கள் போதகர், நம் சபையில் ஒரு குடும்பம் யாருக்கும் சொல்லாமல் சொந்தக் காரில் போய்க் கிராம ஊழியம் செய்துவருகிறது என்று சொல்லி எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். அப்பா பதறிப்போனார். ஆராதனை முடிந்ததும் போதகரைத் தனியாகப் பிடித்து, "ஐயா, நான் சரித்திரந்தான் சொன்னேன்" என்றார்.

"சத்தியத்தைச் சரித்திரமாச் சொல்லணும். அதுதான்யா ஊழியம்" என்று போதகர் அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்பா எவ்வளவுக்கு மறுத்தாரோ அவ்வளவுக்கு அவருடைய தாழ்மை சபையில் பெயர் வாங்கியது. பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு ஆர்மோனியப் பெட்டியும் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரமும் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து இலங்கைப் பயணத்தில் ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது. பின்சீட்டில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். குழியில் வண்டி இறங்கினால் தானாக ஒரு முக்கல் விடும். வலது பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு ஊரிலும் முதலில் ஒரு ஞானப்பாட்டு, அப்புறம் துண்டுப் பிரசுரம், அப்புறம் இலங்கைச் சரித்திரம். ஜெபத்தோடு முடிப்போம். குருவிகுளத்துப் பெரியவர் விடவில்லை. நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வழிமறித்து, பாறைமேல் ஏறினவன் கதையைக் கேட்பார். கடைசியில் அப்பா முறை தவறி, அவன் போரில் தோற்றுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்று சொல்லிவிட்டார். பெரியவர், "அப்பனக் கொன்னவன் உருப்படுவானா? வேதத்துல சரியாத்தான் போட்டிருக்கு" என்றார். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் யாராவது அந்த ராஜாவை பைபிளில் தேடிக்கொண்டிருந்தால் அதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

இப்படியே ஒவ்வொரு ஞாயிறாக இலங்கை முழுவதும் சுற்றி முடித்தோம். மாத்தறை ஒன்றுதான் பாக்கி. மீட்டர் கணக்குப்படி அது மேலநீலிதநல்லூரைத் தாண்டி ஒரு வறண்ட குளத்தங்கரையில் விழுந்தது. அப்பா கிளம்பச் சொன்னபோது அம்மா வரமாட்டேன் என்றாள்.

"அது மட்டும் ஒத்திகை வேண்டாம். அத நான் நேர்ல பாத்துக்கிடுதேன்."

அவள் அப்படிக் குரலை உயர்த்தாமல் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அப்பாவும் விட்டுவிட்டார். பாலம் முடியட்டும் என்று காத்திருந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். எங்கள் தெரு முனையிலிருந்து பார்த்தால் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் தெரியும். கிறிஸ்தவர் வீட்டில் அம்மா வாசலில் கோலமா போடப் போகிறாள்? தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். ஆனால் ரயில் சத்தம் கேட்டால் வாளியோடு கொஞ்சம் நின்றுவிட்டு வருவாள். அதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா பார்த்தாரா என்று தெரியாது.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா கொழும்பில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தார். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

"எங்கம்மை செத்த வயச நான் தாண்டியாச்சு. இப்ப அவள விட நான் மூத்தவ. இன்னும் நாள் போச்சுன்னா, நான் போய் நின்னா அவளுக்கு என்னைய அடையாளம் தெரியாது."

தம்பிகூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்துபோய் காரைத் துடைக்க ஆரம்பித்தார். மறுநாள் காலையில் வந்து, "சரி. மண்டபம் வரைக்கும் காரு. அங்கன விட்டுட்டு ரயிலு, கப்பலு, மறுபடி ரயிலு" என்றார். ஒரு ராஜ்யத்தை விட்டுக்கொடுக்கிறவர் மாதிரிதான் சொன்னார். பாஸ்போர்ட் எல்லாம் முன்பே வாங்கியாயிற்று. போதகர் ஆராதனையில் எங்கள் பயணத்துக்காக ஜெபம் செய்தார். அம்மா டிரங்குப் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். எண்பத்து மூன்றாம் வருடம் அது.

ஆடி மாதம் வந்துவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வருகிற கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸிலும் ரயிலிலும் தொங்கிக்கொண்டு வருவார்கள், தொங்கிக்கொண்டு போவார்கள். அப்பா, "தபசுக் கூட்டம் வடியட்டும், அடுத்த வாரம் போவோம்" என்றார். ஆறு வருடம் பொறுத்தவள் ஒரு வாரம் பொறுக்க மாட்டாளா. சரி என்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும் என்பார்கள். தபசுக் கூட்டம் ஊரை விட்டு முழுதாகப் போயிருக்காது. ரோட்டில் பொரிகடலைக் கடைகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கொழும்பு எரிகிறது என்று செய்தி வந்தது. தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்துகிறார்கள், ஆட்களைக் கொல்கிறார்கள் என்று ஒவ்வொரு செய்தியாக வந்துகொண்டே இருந்தது. ஊரில் கடைகளை அடைத்தார்கள். கூட்டம் கூட்டமாக ரேடியோ முன்னால் நின்றார்கள். அம்மா வழக்கமான நேரத்துக்குப் போய் ரேடியோ பக்கத்தில் நின்றாள். அத்தனை பேர் செத்துப்போன அந்த நாட்களில் மரண அறிவித்தல் எதுவும் வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா கடைக்கும் போகாமல் நிறுத்தியிருந்த காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. டிரங்குப் பெட்டி பூட்டியபடி நடுவீட்டில் கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி நடமாடினோமே தவிர, எடுத்து உள்ளே வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சேலை மாற்றவில்லை. சந்தையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த வெள்ளைச் செவ்வந்தியை எடுத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"மாத்தறை பாக்கி இருக்குல்லா. வண்டிய எடுங்க" என்றாள்.

நானும் தம்பியும் தள்ளினோம். ஆர்மோனியத்தை மட்டும் இறக்கி வைத்துவிட்டோம். போகிற வழியெல்லாம் வலது பக்கத் திருப்பங்களில் ஹாரன் மட்டும் அடித்தது. மேலநீலிதநல்லூரைத் தாண்டி, மீட்டர் கணக்குக்கு வந்த இடத்தில் அப்பா நிறுத்தினார். உயரமான குளக்கரை. குளத்துக்குள் பொட்டுத் தண்ணீர் இல்லை. முள் நிறைந்த உடைமரமும் வெடித்த மண்ணும்தான். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. அம்மா கரைமேல் ஏறி நின்றாள். சேலை படபடவென்று அடித்துக்கொண்டது.

எல்லா ஊரிலும் இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிடுகிற அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாசிங்க" என்றாள் அம்மா. "மாத்தறைக்கு மட்டும் எழுதாமலா இருப்பீய?"

"எழுதல" என்றார் அப்பா. "அங்கன போனா நீ சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குளத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இதுதான் கோட்டைச் சுவர்னு வச்சுக்கிடுங்க. இதுல நின்னா கீழ கடல் அடிக்கும். காத்து இப்படித்தான் இருக்கும். அந்தா, அந்த மடைப் பக்கம் எங்கய்யா கடை. கடைக்குப் பின்னால வீடு. எங்கம்மை சாயங்காலம் என்னைக் கூட்டிட்டு இந்தச் சுவர் மேல நடப்பா. காத்துல நான் பறந்துருவேன்னு சொல்லி, முந்தானையை என் இடுப்புல கட்டிக்கிடுவா. அங்கன ஈரப்பலா மரம் ஒண்ணு நிக்கும். அதத் தாண்டினா கல்லறைத் தோட்டம். வாசல்ல நுழைஞ்சதும் இடது கைப் பக்கம், மூணாவது."

நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஆறு வருடத்தில் இலங்கையைப் பற்றி அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் யாரும் அவளிடம் கேட்டதும் இல்லை.

பேசி முடித்ததும் அவள் கரையிலிருந்து இறங்கிக் குளத்துக்குள் நடந்தாள். அவள் ஈரப்பலா என்று காட்டிய இடத்தில் ஒரு உடைமரம் நின்றது. அதைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, மூன்றாவது என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் குனிந்து பூக்களை வைத்தாள். அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வந்து, "யாருக்குத்தா பூ வைக்கே?" என்று கேட்டாள்.

"எங்கம்மைக்கு."

"நல்லா வையி" என்று சொல்லிவிட்டு அவள் ஒதுங்கி நின்றுகொண்டாள். வறண்ட குளத்துக்குள் ஏன் வைக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். நாங்களும் மூடிக்கொண்டோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஒரு கிடா மாத்தறையில் நின்று செவ்வந்தியைத் தின்றுகொண்டிருந்தது. அப்பா, "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் மேல் பாய்ந்தார். கிடா வாயில் பூவோடு ஓடியது. அப்பா விரட்டினார். கோட்டைச் சுவரிலிருந்து ஜவுளிக்கடை வரைக்கும், அங்கிருந்து கடலுக்குள்ளும் ஓடினார்கள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. "விடுங்கய்யா, அதுக்கு என்ன தெரியும்" என்று ஆட்டுக்காரி பின்னால் ஓடினாள். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து, நிறுத்த முடியாமல் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா ஒரு செவ்வந்தியை மீட்டுக்கொண்டு வந்தார். பாதி இதழ்தான் இருந்தது. மூச்சு வாங்க அதை அம்மா கையில் கொடுத்தார். அவள் அதை அந்த இடத்திலேயே வைத்து, ஆடு எடுக்காதபடி ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள்.

திரும்பும்போது வண்டி கிளம்பவில்லை. நாங்கள் மூன்று பேரும் பின்னால் போய்த் தள்ளினோம். எதிர்க்காற்று. இரண்டடி போனால் ஓரடி பின்னால் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் தள்ளிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள்.

"அடுத்த தடவ நேரா ரயில்லயே போயிருவோம், என்ன?"

அதில் கோபம் துளிகூட இல்லை. அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாகத் தள்ளினார்.